அமெரிக்க பிரைமரியில் ஓட்டு எப்படி டெலிகேட் ஆகிறது? முழுமையான வழிகாட்டி

2008 ஜனவரியில் நெவாடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று கட்சிக்காரர்கள் கூடி முடிவு செய்யும் கூட்டம். ஹிலாரி கிளின்டனுக்கு 51 சதவீதம், ஒபாமாவுக்கு 45. டிவியில் எல்லாரும் ஹிலாரி ஜெயித்துவிட்டார் என்று சொன்னார்கள். ஆனால் அன்றைய டெலிகேட் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. ஆறு சதவீதம் பின்தங்கியவர் ஒரு டெலிகேட் கூடுதலாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை, விதியே அப்படித்தான். அந்த விதியைத்தான் இங்கே அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் வகுத்தல், பெருக்கல் வரும், ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி எதுவும் வராது.

முதலில் டெலிகேட் என்றால் யார்?

அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யவேண்டும். அந்த முடிவு எடுக்கப்படுவது கோடைக்காலத்தில் நடக்கும் தேசிய மாநாட்டில். அங்கே போய் ஓட்டுப் போடுகிறவர்கள்தான் டெலிகேட்டுகள்: உள்ளூர்க் கட்சிக்காரர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், கவுன்சிலர்கள், இப்படி நிஜமான ஆட்கள். மொத்த டெலிகேட்டில் பாதிக்கு மேல் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்தான் வேட்பாளர். 2024இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 பேர், வேண்டியது 1,215.

ஆக, ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒவ்வொரு மாநிலத்திலும் நடக்கும் பிரைமரியும் (ஓட்டுச்சீட்டில் நடக்கும் உட்கட்சித் தேர்தல்) காக்கஸும் உண்மையில் டெலிகேட்டுகளைப் பிரிக்கிற வேலைதான். நாடு முழுக்க யாருக்கு எத்தனை ஓட்டு என்று கூட்டிப் பார்த்து யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை.

இந்த முறை அமெரிக்க அரசியலமைப்பில் இல்லை. கட்சிகள் தாங்களே எழுதிக்கொண்ட விதி இது. பழைய நாட்களில் பிரைமரி நடந்தாலும் கட்சிப் பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்தவரை நிறுத்திவிடுவார்கள். 1968இல் ஜனநாயகக் கட்சியில் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் வேட்பாளர் ஆனார், சிகாகோ மாநாட்டு அரங்கத்துக்கு வெளியே போலீஸ் தடியடி நடந்துகொண்டிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம் அமைத்து விதிகளைத் திருத்தினார்கள், 1972 முதல் மக்கள் ஓட்டுக்கு உண்மையான மதிப்பு வந்தது. இன்றைய கணக்கெல்லாம் அங்கிருந்து கிளைத்ததுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாநிலத்திலும் மூன்று விதிப்புத்தகங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்: தேசியக் கட்சியின் விதி, மாநிலக் கட்சியின் விதி, மாநில அரசின் தேர்தல் சட்டம். இவை மூன்றும் முட்டிக்கொள்ளும்போதுதான் பெரிய கூத்தெல்லாம் நடக்கும்.

படி 1: எந்தக் கட்சி என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகவே கூடாது. ஜனநாயகக் கட்சிக்கு நாடு முழுக்க ஒரே விதி: விகிதாசாரப் பங்கீடு, 15 சதவீத வரம்பு. குடியரசுக் கட்சி தேசிய அளவில் சில எல்லைகளை மட்டும் போட்டுவிட்டு மீதியை மாநிலங்களிடம் விட்டுவிடுகிறது, அதனால் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். ஒரு கட்சியின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு கட்சியின் முடிவைப் படித்தால் எல்லாமே தப்பாகத் தெரியும்.

படி 2: மாநிலத்துக்கு எத்தனை டெலிகேட்?

ஜனநாயகக் கட்சிக் கணக்கை நியூ ஹாம்ப்ஷயரை வைத்துப் பார்ப்போம், 2020 எண்கள். சின்ன மாநிலம் என்பதால் கையாலேயே போட்டுவிடலாம்.

நாடு முழுவதற்கும் அடிப்படை டெலிகேட் 3,200. இதை மாநிலங்களுக்குப் பிரிக்க இரண்டு விஷயங்களின் சராசரியை எடுப்பார்கள். ஒன்று, கடந்த மூன்று அதிபர் தேர்தல்களில் கட்சி வாங்கிய மொத்த ஓட்டில் அந்த மாநிலத்தின் பங்கு. இன்னொன்று, 538 எலெக்டோரல் ஓட்டுகளில் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் ஓட்டுகள்) அந்த மாநிலத்தின் பங்கு. நியூ ஹாம்ப்ஷயருக்கு முதலாவது ஏறத்தாழ 0.55 சதவீதம். அதன் எலெக்டோரல் ஓட்டு 4, ஆகவே இரண்டாவது 0.74 சதவீதம். சராசரி 0.645. அதை 3,200ஆல் பெருக்கினால் 20.6, முழு எண்ணாக்கினால் 21.

இந்த 21இல் முக்கால்வாசியை, அதாவது 16ஐ, நாடாளுமன்றத் தொகுதிகளுக்குப் பிரிப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டே தொகுதி, ஆளுக்கு 8. மீதி 5 மாநிலம் முழுமைக்கும் பொது. இதற்கு மேல் 21இல் 15 சதவீதம், அதாவது 3 டெலிகேட், கட்சித் தலைவர்கள், பதவியில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கிய கூடுதல் இடம். பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம், இந்த மூன்றும் மக்கள் ஓட்டுப்படிதான் பிரிக்கப்படும். ஆக 16, 5, 3, மொத்தம் 24.

தாமதமாகத் தேர்தல் நடத்தும் மாநிலங்களுக்கு போனஸும் உண்டு. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு பிப்ரவரி, மார்ச்சுக்கு ஓடிவருவதைத் தடுக்க 2020இல் ஏப்ரலுக்கு 10 சதவீதமும், மே, ஜூனுக்கு 20 சதவீதமும் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெரிதாக யாரும் மயங்கவில்லை. முன்னால் வந்தால் கிடைக்கும் டிவி வெளிச்சத்துக்கு முன் இந்த போனஸ் எம்மாத்திரம்?

குடியரசுக் கட்சியின் சூத்திரம் வேறு. எந்த மாநிலமாக இருந்தாலும் 10 பொது டெலிகேட். ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதிக்கும் 3. மாநிலக் கட்சித் தலைவரும் தேசியக் குழுவின் இரண்டு உறுப்பினர்களுமாக இன்னும் 3. அதற்கு மேல் போனஸ், அது முழுக்க விசுவாசத்துக்கான பரிசு. போன அதிபர் தேர்தலில் அந்த மாநிலம் கட்சிக்கு ஓட்டுப் போட்டதா, ஆளுநர் நம்மவரா, செனட்டர்கள் நம்மவர்களா, மாநிலச் சட்டமன்றம் யார் கையில் என்று பார்த்துக் கொடுப்பார்கள்.

2024இல் தென் கரோலினா: 10, ஏழு தொகுதிக்கு 21, தேசியக் குழு 3, ஆக 34. போனஸில் அதிபர் தேர்தல் வெற்றிக்கு 4.5 கூட்டல் எலெக்டோரல் ஓட்டு ஒன்பதில் 60 சதவீதம், அது 9.9, மேல்நோக்கி 10. ஆளுநருக்கு 1, நாடாளுமன்றக் கீழவை இடங்களுக்கு 1, சட்டமன்ற அவைகளுக்கு 2, இரண்டு செனட்டர்களுக்கு 2. போனஸ் 16, மொத்தம் 50.

அதே ஆண்டு கலிபோர்னியா: 10, 52 தொகுதிக்கு 156, தேசியக் குழு 3, ஆக 169. போனஸ் பூஜ்ஜியம், ஏனென்றால் போனஸ் தரும் வெற்றி எதுவும் அங்கே கட்சிக்கு அண்மையில் இல்லை. சுமார் 50 லட்சம் பேர் இருக்கும் தென் கரோலினாவுக்கு 50, அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் மக்கள்தொகை உள்ள கலிபோர்னியாவுக்கு 169. இது நியாயமா என்று கேட்டால், கட்சிக்காரனுக்கு நியாயம், கலிபோர்னியாக் கட்சிக்காரனுக்கு அநியாயம்.

படி 3: எத்தனை கூடைகள்?

முழுக் கணக்கிலும் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். ஒரு மாநிலத்தின் டெலிகேட்டுகள் ஒரே கூடையில் இருப்பதில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் 24ஐ எடுத்துக்கொண்டால் நான்கு கூடை: ஒன்றாம் தொகுதியில் 8, இரண்டாம் தொகுதியில் 8, மாநிலப் பொது 5, தலைவர்கள் இடம் 3. ஒவ்வொரு கூடையையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். மாநில சதவீதத்தை 24ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு "ஏன் பொருந்தவில்லை" என்று கேட்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரிய மாநிலத்தில் ஐம்பது கூடைக்கு மேலும் போகும். ஒவ்வொரு கூடையிலும் முழு எண்ணாக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், குறையும், கடைசியில் அதெல்லாம் சேர்ந்து ஒரு தொகையாக வந்து நிற்கும்.

படி 4: 15 சதவீத வாசல்

ஜனநாயகக் கட்சியில் ஒரு கூடையில் பங்கு வேண்டுமென்றால் அந்த அளவில் 15 சதவீதமாவது வாங்கியிருக்கவேண்டும். மாநிலக் கூடைகளுக்கு மாநிலம் முழுக்க 15, தொகுதிக் கூடைக்கு அந்தத் தொகுதியில் 15. 14.9 வாங்கினால் பூஜ்ஜியம்தான்.

2020 பிப்ரவரி நியூ ஹாம்ப்ஷயர் முடிவைப் பாருங்கள்: சாண்டர்ஸ் 25.6, பூட்டிஜெஜ் 24.3, குளோபுச்சர் 19.7, வாரன் 9.2, பைடன் 8.4. கடைசி இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஐந்தாம் இடம், ஒரு டெலிகேட்கூட இல்லை, அவர்தான் அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜெயித்தவர்.

மாநில அளவும் தொகுதி அளவும் வேறு வேறு என்பதற்கு 2024 மிச்சிகன் நல்ல சாட்சி. காசா போரில் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து "யாருக்கும் உறுதியளிக்கவில்லை" என்ற தெரிவுக்கு ஓட்டுப் போடச் சொல்லி அங்கே ஒரு இயக்கம் நடந்தது. மாநிலம் முழுக்க அதற்குக் கிடைத்தது 13 சதவீதத்துக்குச் சற்று மேல், அதனால் மாநிலக் கூடையில் ஒன்றுமில்லை. ஆனால் அரபு அமெரிக்கர்கள் நிறைய வாழும் டியர்போர்ன் இருக்கும் தொகுதியிலும், பல்கலைக்கழக நகரமான ஆன் ஆர்பர் இருக்கும் தொகுதியிலும் 15ஐத் தாண்டியது. தொகுதிக்கு ஒன்றாக 2 டெலிகேட் கிடைத்தது.

படி 5: வகுத்து, மீதியைப் பங்கு போடுங்கள்

வாசலைத் தாண்டியவர்களின் ஓட்டை மட்டும் கூட்டுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் 25.6 + 24.3 + 19.7 = 69.6. இனி இதுதான் நூறு சதவீதம். தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு காற்றோடு போயிற்று, அவர்கள் பங்கு மற்ற மூவருக்கும் விகிதப்படி போய்விடும்.

மாநிலப் பொதுக் கூடையில் 5 டெலிகேட். சாண்டர்ஸுக்கு 5 × 25.6 ÷ 69.6 = 1.84. பூட்டிஜெஜுக்கு 1.75. குளோபுச்சருக்கு 1.42. முதலில் முழு எண்ணை மட்டும் கொடுங்கள்: 1, 1, 1. இன்னும் இரண்டு பாக்கி. தசமப் பகுதி யாருக்குப் பெரிதோ அவருக்கு முதலில்: .84, அப்புறம் .75. ஆக 2, 2, 1.

தலைவர்கள் கூடையில் 3. கணக்கு 1.10, 1.05, 0.85. முழு எண் 1, 1, 0. பாக்கி ஒன்று பெரிய தசமத்துக்கு, அதாவது குளோபுச்சருக்கு. 1, 1, 1.

தொகுதிக் கூடை ஒவ்வொன்றிலும் 8. இதற்கு அந்தந்தத் தொகுதியின் ஓட்டைத்தான் எடுக்கவேண்டும், ஆனால் மாநில விகிதத்தையே போட்டாலும் 2.94, 2.79, 2.26 என்று வரும், அதாவது 3, 3, 2. இரண்டு தொகுதிக்கும் சேர்த்து 6, 6, 4.

கூட்டினால் சாண்டர்ஸ் 9, பூட்டிஜெஜ் 9, குளோபுச்சர் 6. அதிகாரபூர்வ முடிவும் அதுவேதான். ஓட்டில் முதலிடம், டெலிகேட்டில் சமம். சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை, ஆனால் கணக்கில் பிழை கிடையாது.

படி 6: ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

2008இல் ஒபாமா அணி ஹிலாரி அணியை ஜெயித்ததற்கு மேடைப்பேச்சைக் காரணமாகச் சொல்வார்கள். என் கணிப்பில் இந்தப் படியைப் புரிந்துவைத்திருந்ததும் அதே அளவு காரணம்.

இருவர் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியில் 4 டெலிகேட். 3–1 என்று பிரிக்கவேண்டுமானால் ஒருவர் 62.5 சதவீதம் தாண்டவேண்டும். அதற்குக் கீழே 51 வாங்கினாலும் 60 வாங்கினாலும் 2–2தான். 6 டெலிகேட் தொகுதியில் 4–2 வர 58.3 சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஆனால் 3 டெலிகேட் தொகுதியில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும், 2–1. ஐந்திலும் அப்படித்தான், 3–2.

ஆக இரட்டைப்படைத் தொகுதியில் நெருக்கமாக ஜெயிக்கப் பணத்தைக் கொட்டுவது வீண். அதே பணத்தை ஒற்றைப்படைத் தொகுதியில் போட்டால் ஒரு டெலிகேட் கூடும். நெவாடாவில் நடந்தது இதுவே: ஹிலாரி முன்னிலை பெற்ற லாஸ் வேகாஸ் பக்கம் டெலிகேட் சமமாகப் பிரிந்துபோனது, ஒபாமா முன்னிலை பெற்ற வடக்குப் பகுதியில் ஒற்றைப்படை, அந்த ஒன்று அவருக்கு வந்தது.

இதைவிட அழகான உதாரணம் 2008 பிப்ரவரி 5. நியூ ஜெர்சியில் 107 டெலிகேட், ஹிலாரி 59, ஒபாமா 48. ஹிலாரிக்கு லாபம் 11. அதே நாளில் ஐடஹோ என்ற சின்ன மாநிலத்தில் காக்கஸ், 18 டெலிகேட்தான், ஜனநாயகக் கட்சிக்கு அங்கே பொதுத்தேர்தலில் டெபாசிட் தேறுவதே கஷ்டம் என்று சொல்லலாம். ஒபாமா ஆட்களை அனுப்பி வேலை பார்த்தார், ஹிலாரி கண்டுகொள்ளவில்லை. ஒபாமா 15, ஹிலாரி 3. லாபம் 12. நியூ ஜெர்சியில் ஹிலாரி சம்பாதித்ததை ஐடஹோவில் ஒபாமா எடுத்துவிட்டு ஒன்று மேலேயும் போனார். விகிதாசார முறையில் நெருக்கமான வெற்றிக்கு மதிப்பே இல்லை, துடைத்தெறிகிற வெற்றிக்குத்தான் மதிப்பு. டெலிகேட்டில் ஒருவர் நூறு, நூற்றைம்பது முன்னால் போய்விட்டால் பின்னால் இருப்பவரால் துரத்திப் பிடிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

படி 7: குடியரசுக் கட்சியின் மாநில வகைகள்

இங்கே தேசிய விதி ஒரு தேதிக்கோடு போட்டிருக்கிறது: மார்ச் 15. அதற்கு முன்னால் தேர்தல் நடத்தும் மாநிலம் விகிதாசாரமாகத்தான் பிரிக்கவேண்டும், அன்றோ அதன்பிறகோ நடத்தினால் ஜெயித்தவருக்கே மொத்தமும் என்று வைத்துக்கொள்ளலாம். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நெவாடா நான்குக்கும் இதிலிருந்து விலக்கு. விகிதாசாரம் என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் அதற்குள்ளேயே தப்பிக்க இரண்டு சந்து உண்டு: வரம்பை 20 சதவீதம் வரை வைக்கலாம், யாராவது 50 சதவீதம் தாண்டினால் மொத்தமும் அவருக்கே என்றும் எழுதிக்கொள்ளலாம்.

சுத்தமான விகிதாசாரத்துக்கு அயோவா. 2024இல் 40 டெலிகேட், வரம்பே கிடையாது. டிரம்ப் 51 சதவீதத்துக்கு 20, டிசாண்டிஸ் 9, ஹேலி 8. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி எட்டு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி 3 டெலிகேட்டோடு அன்று இரவே போட்டியிலிருந்து விலகினார். ஜனநாயகக் கட்சியின் 15 விதி இருந்திருந்தால் அந்த மூன்றும் இல்லை.

நேரெதிர் முனையில் 2016 ஃப்ளோரிடா, மார்ச் 15ஆம் தேதி. டிரம்ப் பாதிகூட வாங்கவில்லை, 46 சதவீதம் மாதிரி, 99 டெலிகேட்டும் அவருக்கே. சொந்த மாநிலத்தில் ஒன்றுமில்லாமல் போன மார்கோ ரூபியோ அன்றிரவே விலகினார். அதே நாளில் ஒஹையோவின் 66ம் அந்த மாநில ஆளுநர் கேசிக்குக்குப் போனது.

இரண்டுக்கும் நடுவில் தொகுதிவாரி முறை. தென் கரோலினாவின் 50இல் 29 மாநிலம் முழுக்க முதலில் வந்தவருக்கு, 21 ஏழு தொகுதியிலும் முதலில் வந்தவர்களுக்கு, தொகுதிக்கு 3. 2016இல் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம்தான், ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சொச்சம். ஆனால் ஏழு தொகுதியிலும் டிரம்ப் முதலிடம், ஐம்பதும் அவருக்கு. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு முழு மாநிலம். எதிரணி ஓட்டு பிரிந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2024இல் அதே மாநிலத்தில் அதன் முன்னாள் ஆளுநர் ஹேலி 39.5 சதவீதம் வாங்கினார், கிடைத்தது சார்ல்ஸ்டன் பக்கத்து ஒரே தொகுதியின் 3 டெலிகேட். டிரம்புக்கு 47.

பாதி தாண்டினால் மொத்தமும் என்ற வகைக்கு 2024 கலிபோர்னியா. முந்தைய முறையில் தொகுதிவாரியாகப் பிரித்தார்கள், அதில் மற்றவர்களுக்கும் அங்கங்கே மூன்று மூன்றாகப் பொறுக்க வழி இருந்தது. 2023 கோடையில் மாநிலக் கட்சி விதியை மாற்றியது, 50 தாண்டினால் 169ம் ஒருவருக்கே. டிரம்ப் தாண்டினார், எடுத்தார். விதி மாறுவதை யாரும் செய்தியாகப் பார்ப்பதில்லை, ஆனால் பல தேர்தல்கள் முந்தைய ஆண்டு நடக்கும் விதிக் கூட்டத்திலேயே பாதி முடிந்துவிடுகின்றன.

விசித்திர வகைகளும் உண்டு. பென்சில்வேனியாவில் 2016இல் 71 டெலிகேட், அதில் 17 மட்டும்தான் ஜெயித்தவருக்கு. மீதி 54 பேரின் பெயரே ஓட்டுச்சீட்டில் இருந்தது, அவர்கள் யாரை ஆதரிக்கிறார்கள் என்று சீட்டில் இல்லை. வாக்காளரே தேடித் தெரிந்துகொண்டு போகவேண்டும். கொலராடோவில் அதே ஆண்டு அதிபர் வேட்பாளருக்கென்று ஓட்டெடுப்பே நடத்தாமல் மாநாடுகளிலேயே டெலிகேட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள், குரூஸ் வாரிக்கொண்டு போனார், டிரம்ப் கத்தித் தீர்த்தார்.

படி 8: நடக்கிற தேர்தலில் டெலிகேட் இருக்கிறதா என்று பாருங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் 2024 நெவாடாவில் இரண்டு போட்டி நடந்தது. பிப்ரவரி 6இல் மாநில அரசு நடத்திய குடியரசுக் கட்சி பிரைமரி, 8இல் கட்சி நடத்திய காக்கஸ். 26 டெலிகேட்டும் காக்கஸுக்கு மட்டும்தான் என்று கட்சி சொல்லிவிட்டது. டிரம்ப் காக்கஸில் நின்றார், ஹேலி பிரைமரியில் நின்றார். அங்கே "இவர்களில் யாரும் இல்லை" என்ற தெரிவு ஹேலியை இரண்டு மடங்குக்கு மேல் தோற்கடித்தது. ஜெயித்திருந்தாலும் பூஜ்ஜியம்தான்.

சில இடங்களில் ஒரே மாநிலத்தில் இரண்டுமே எண்ணப்படும். 2008 டெக்ஸஸ் ஜனநாயகக் கட்சி: பகலில் பிரைமரி, மாலையில் காக்கஸ். பிரைமரியில் ஹிலாரி 65, ஒபாமா 61. காக்கஸ் வழியாக ஒபாமா 38, ஹிலாரி 29. கூட்டினால் ஒபாமா 99, ஹிலாரி 94. அன்றிரவு டெக்ஸஸை ஜெயித்ததாக உரையாற்றியவர் ஹிலாரி.

தேதி விதியை மீறினால் அபராதம். 2008இல் ஃப்ளோரிடாவும் மிச்சிகனும் அனுமதிக்கப்பட்ட தேதிக்கு முன்னால் தேர்தல் வைத்ததால் ஜனநாயகக் கட்சி அவற்றின் டெலிகேட்டை முழுக்கப் பறித்தது, மே மாதக் கடைசியில் ஆளுக்கு அரை ஓட்டு என்று இறங்கிவந்தது, போட்டி முடிந்தபின் மாநாட்டில் முழுதாகவே திருப்பிக் கொடுத்தது. 2012இல் குடியரசுக் கட்சி ஃப்ளோரிடாவின் 99ஐப் பாதியாக்கி 50 கொடுத்தது, ரோம்னி அந்த 50ஐயும் மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

படி 9: சூப்பர் டெலிகேட்டைத் தனியே வையுங்கள்

ஜனநாயகக் கட்சியில் செனட்டர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், தேசியக் குழுவினர், முன்னாள் அதிபர்கள் ஆகியோருக்குத் தேர்தலே இல்லாமல் டெலிகேட் இடம் உண்டு. 1972க்குப் பிறகு மக்கள் கைக்கு ரொம்பவே விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்த கட்சிப் பெரியவர்கள் 1982இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2016இல் நியூ ஹாம்ப்ஷயரில் சாண்டர்ஸ் 60–38 என்று ஹிலாரியை நொறுக்கி 15–9 டெலிகேட் வாங்கினார். அங்கிருந்த சூப்பர் டெலிகேட்டுகளில் 6 பேர் ஹிலாரி பக்கம் என்பதால் ஊடகங்கள் 15–15 என்று போட்டன. அதற்கப்புறம் சாண்டர்ஸ் ஆட்களை எப்படிச் சமாதானப்படுத்துவது?

2018இல் விதியை மாற்றினார்கள். முடிவு ஏற்கனவே உறுதியாகிவிட்டால் தவிர, முதல் சுற்றில் இவர்கள் ஓட்டுப் போடமுடியாது. முதல் சுற்றில் யாருக்கும் பாதி தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்றிலிருந்து வருவார்கள். இரண்டாம் சுற்று என்பது 1952க்குப் பிறகு எந்தக் கட்சியிலும் நடக்கவில்லை. அதனால் செய்தித்தளத்தில் டெலிகேட் எண்ணிக்கை பார்த்தால் அதில் சூப்பர் டெலிகேட் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடியரசுக் கட்சியில் தேசியக் குழுவின் மூவரும் பெரும்பாலும் மாநில முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள், அங்கே இந்தத் தலைவலி குறைவு.

படி 10: விலகியவரின் டெலிகேட் எங்கே போகும்?

குடியரசுக் கட்சியில் இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்கள் விலகியவுடன் விடுவித்துவிடும், சில முதல் சுற்று வரை கட்டிவைக்கும், சில அதற்கு மேலும். 2024 மார்ச்சில் விலகிய ஹேலி தன்னிடம் இருந்த 97 டெலிகேட்டையும் ஜூலையில்தான் விடுவித்து டிரம்புக்கு ஓட்டுப் போடச் சொன்னார்.

ஜனநாயகக் கட்சியில் தொகுதி டெலிகேட் விலகியவரிடமே இருக்கும், மாநில அளவு டெலிகேட்டை மீதமிருப்பவர்களுக்கு மறுபங்கீடு செய்துவிடுவார்கள். 2020 ஏப்ரலில் விலகிய சாண்டர்ஸ் இப்படி நூற்றுக்கணக்கில் இழந்திருக்கவேண்டியது. மாநாட்டில் தன் ஆட்களின் குரல் வேண்டும் என்று அவர் கேட்க, பைடன் அணி ஒப்புக்கொள்ள, ஒரு ஏற்பாடு செய்து பெரும்பகுதியைத் தக்கவைத்தார்கள்.

இதற்குள்ளே இன்னொரு சங்கதி இருக்கிறது. எத்தனை டெலிகேட் என்பதை ஓட்டு முடிவு செய்கிறது, அந்த இடத்தில் உட்காரும் ஆள் யார் என்பது பெரும்பாலும் தனியே, பின்னால், மாவட்ட மாநில மாநாடுகளில் முடிவாகிறது. 2016இல் குரூஸ் அணி பல மாநிலங்களில் டிரம்புக்குக் கட்டுப்பட்ட இடங்களிலேயே தங்கள் ஆட்களை உட்காரவைத்தது, இரண்டாம் சுற்று வந்தால் மாறிவிடலாம் என்ற திட்டத்தோடு. அது வரவில்லை. ஜனநாயகக் கட்சியில் வேட்பாளருக்கே பட்டியலைச் சரிபார்த்துப் பெயர் நீக்கும் உரிமை உண்டு, அதனால் அங்கே இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது.

அந்தக் கட்சியில் டெலிகேட் சட்டப்படி பூட்டப்பட்டவரும் அல்ல. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்கவேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. பல காலம் யாரும் கவனிக்காத அந்த வரி 2024 ஜூலை 21இல் வேலைக்கு வந்தது. கிட்டத்தட்ட எல்லா டெலிகேட்டையும் ஜெயித்து வைத்திருந்த பைடன் விலகினார், டெலிகேட்டுகளுக்குக் கட்டு இல்லாமல் போயிற்று. பைடன் கமலா ஹாரிஸை ஆதரித்தார், ஆனால் தன் டெலிகேட்டை இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, ஒவ்வொருவரும் தாமாகவே வரவேண்டும். ஓரிரு நாளில் மாநிலம் மாநிலமாக டெலிகேட்டுகள் ஹாரிஸை ஆதரிப்பதாக அறிவித்தார்கள். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியிருந்த அந்த நாட்களில், மாநாடு கூடும் முன்பே இணையவழி ஓட்டெடுப்பு நடந்து 99 சதவீத டெலிகேட் ஓட்டோடு ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். 2020 போட்டியில் முதல் காக்கஸுக்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகியவர் அவர். அதிபர் பதவிக்கான ஒரு பிரைமரியில்கூட அவருக்கென்று டெலிகேட் பிரிக்கப்பட்டதில்லை.